72-ஐ 300 ஆக்கினால் படம் தேறாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறிய படங்களை அச்சுக்குத் தயார் செய்வது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்பில், ஃபோட்டோஷாப்பில் ரெசல்யூஷன் 72 என்று இருப்பதை 300 என மாற்றினால் போதும் என்று சொல்லப்பட்டிருந்தது. அதை நம்பி வேலை செய்தால் படம் அச்சில் உடைந்துதான் வரும். பழி அச்சகத்தின் மேல் விழும். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

படத்தில் இருப்பவை பிக்சல்கள் எனப்படும் நிறப் புள்ளிகள் மட்டுமே. அவற்றை ஓர் அங்குலத்துக்கு எத்தனை வீதம் அடுக்குவது என்ற கணக்குதான் (இதுவே பிபிஐ) 72-ம் 300-ம். 1600-க்கு 1200 பிக்சல் உள்ள ஒரு படத்தில், ரீசாம்பிள் (பிக்சல் எண்ணிக்கையை மாற்றும் வசதி) டிக்கை எடுத்துவிட்டு 300 என்று போட்டுப் பாருங்கள். 22 அங்குலமாக இருந்த அகலம் 5.3 அங்குலமாகச் சுருங்கும். ஒரு பிக்சல்கூடக் கூடியிருக்காது. டிக்கை விட்டுவைத்து மாற்றினால் அகலம் அப்படியே இருக்கும், 1600 பிக்சல் 6,667 ஆகும். ஆனால் அந்தப் படத்தில் ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்குதான் கேமரா பதிந்தது. மீதி எல்லாம் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் ஊகித்து நிரப்பியது.

300 என்பதும் எல்லா வேலைக்கும் பொதுவான எண் அல்ல. அச்சகம் எத்தனை எல்பிஐ (ஓர் அங்குலத்தில் வரும் அச்சுப் புள்ளி வரிசைகள்) ஸ்கிரீன் போடுகிறதோ அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பிக்சல் வேண்டும். ஆர்ட் பேப்பரில் 150 எல்பிஐ என்றால் 225-லிருந்து 300 வரை. நாளிதழ்த் தாளில் 85 முதல் 100 எல்பிஐதான், எனவே 200 தாராளம். உயரத்தில் கட்டும் ஃபிளெக்ஸுக்கு 100-க்குக் கீழே இருந்தாலும் தூரத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. கையெழுத்து, கோட்டோவியம் போன்ற, சாம்பல் சாயல் இல்லாத தனிக் கறுப்பு ஸ்கேன்களுக்கு இது நேர்மாறு: அவற்றுக்கு 1200 வேண்டும். 300-இல் ஸ்கேன் செய்த கையெழுத்தின் ஓரம் ரம்பப் பல்லாக வருவது இதனால்தான்.

படம் சிறியது என்று தெரிந்ததும் மென்பொருளைத் திறக்காமல் முதலில் மூலப் படத்தைக் கேட்க வேண்டும். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீண்ட பக்கம் சுமார் 1600 பிக்சலாகக் குறைந்துவிடுகிறது. அதே படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் குறையாமல் வரும். 12 மெகாபிக்சல் போனில் எடுத்த மூலம் 4000 பிக்சல் அகலம் இருக்கும், 300 பிபிஐ கணக்கில் 13 அங்குலத்துக்குப் போதும். வேர்ட் ஃபைலில் ஒட்டி அனுப்பியிருந்தால் பக்கத்திலிருந்து காப்பி எடுக்காதீர்கள். ஃபைல் பெயரின் கடைசியில் உள்ள டாக்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்தால், வேர்ட் ஃபோல்டருக்குள் மீடியா என்ற ஃபோல்டரில் படங்கள் தனித்தனியாக இருக்கும். சேமிக்கும்போது வேர்டே கொஞ்சம் குறைத்திருக்கலாம்; ஆனாலும் காப்பி எடுத்ததைவிட அது மேல். இணையத்திலிருந்து எடுத்ததாகச் சொன்னால், சிறு முன்னோட்டப் படத்தைச் சேமித்தார்களா, திறந்து முழுப் படத்தைச் சேமித்தார்களா என்று கேட்க வேண்டும்.

மூலம் கிடைக்கவே இல்லை என்றால்தான் திருத்த வேலை. அதில் வரிசை மாறக் கூடாது: முதலில் கறை (சுருக்கியதால் வந்த கட்டங்களும் நிறத் திட்டுகளும்) நீக்குவது, பிறகு பெரிதாக்குவது, கடைசியில் ஷார்ப் செய்வது, அதாவது கூர்மை கூட்டுவது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஜேபெக் என்ற கோப்பு முறை, படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. நிறத் தகவலைப் பெரும்பாலும் இன்னும் குறைத்தே வைக்கிறது. கறையை நீக்காமல் பெரிதாக்கினால் கட்டங்களும் சேர்ந்து பெரிதாகும். அதன் மேல் ஷார்ப் போட்டால் கட்டத்தின் ஓரங்கள் கோடுகளாக எழும்பி நிற்கும். கன்னத்திலும் வானத்திலும் இது உடனே தெரியும்.

எனவே படத்தை 16 பிட்டுக்கு மாற்றி, லேப் மோடுக்குப் போங்கள். அதில் ஏ, பி என்ற இரண்டு சேனல்களிலும் நிறம் மட்டும் இருக்கும், வெளிச்சம் எல் சேனலில் இருக்கும். ஏ, பி இரண்டுக்கும் 2 பிக்சல் காஸியன் பிளர் (மங்கலாக்கும் ஃபில்டர்) கொடுத்தால் முகத்தில் திட்டுத்திட்டாக இருந்த பச்சையும் சிவப்பும் கலைந்துவிடும், உருவத்தின் கூர்மை குறையாது. 3-ஐத் தாண்டினால் உதட்டுச் சிவப்பு ஓரத்தில் கசியும். பிறகு ஆர்ஜிபிக்குத் திரும்பி, ரெட்யூஸ் நாய்ஸ் ஃபில்டரில் ஜேபெக் கறை நீக்கும் டிக்கை மட்டும் போட்டு, மற்ற எண்களைக் குறைவாகவே வையுங்கள்.

பெரிதாக்குவதை ஒரே தடவையில் செய்யலாம். பத்துப் பத்துச் சதவீதமாக ஏற்றுவது பழைய வழக்கம், இன்று அதனால் லாபம் இல்லை. பிரிசர்வ் டீட்டெய்ல்ஸ் 2.0 அல்லது பைக்யூபிக் ஸ்மூதர் எடுத்துக்கொள்ளுங்கள். 150 சதவீதம் வரை நல்ல படம் தாங்கும், 200 வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் கையில் பிடித்துப் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். பெரிதாக்கிய முகம் மெழுகு பூசியதுபோல் இருக்கும். அதற்கு 1 முதல் 2 சதவீதம் ஒற்றை நிற நாய்ஸ் (மணல் தூவியதுபோன்ற நுண்புள்ளிகள்) சேர்த்தால் தோல் தோலாகத் தெரியும். கடைசியாக, அச்சாகும் அளவில் வைத்து அன்ஷார்ப் மாஸ்க் என்ற ஷார்ப் ஃபில்டர்: அமவுண்ட் 100-120 சதவீதம், ரேடியஸ் 1-1.5 பிக்சல், திரெஷோல்டு 3. கன்னத்தை மாஸ்க்கால் மறைத்து, கண், புருவம், தலைமுடி, உதடு இவற்றில் மட்டும் விழவிடுங்கள். திரையில் 100 சதவீதத்தில் பார்க்கும்போது ஒரு பிடி கூடுதலாகத் தெரிவதே சரி. அச்சின் ஸ்கிரீன் புள்ளி அதை மென்மையாக்கிவிடும். சிஎம்ஒய்கேக்கு (அச்சின் நான்கு மை நிறங்களுக்கு) மாற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி. நாளிதழ்த் தாளில் நான்கு மைகளும் சேர்ந்த மொத்தம் 240 சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இருண்ட இடங்கள் அடைத்துக்கொள்ளும். தரம் குறைக்காத டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். மீண்டும் ஜேபெக் ஆக்கினால் நீக்கிய கறை திரும்பி வரும்.

ஒரு சொடுக்கில் படத்தைத் தெளிவாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளையும் அந்தக் குறிப்பு பரிந்துரைத்தது. மரம், கட்டடம், துணி போன்றவற்றுக்கு அவை நன்றாகவே உதவும். முகத்தில்தான் ஆபத்து. 60 பிக்சல் அகலமே உள்ள முகத்தில் இமையோ பல்வரிசையோ பதிவாகியிருக்காது; செயலி அவற்றைப் புதிதாக வரைந்துவிடுகிறது. வருவது அழகான முகம்தான், ஆனால் அது அந்த ஆள் இல்லை. மறைந்தவரின் ஒரே படம் இப்படி மாறி அச்சானால் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு வேதனை! முகத்தைத் தொட்டால், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, வாடிக்கையாளரின் சம்மதம் பெற்ற பிறகே அச்சு பிளேட்டுக்கு அனுப்ப வேண்டும். படத்துக்குள் எழுத்து இருந்தால் செயலியிடம் விடவே கூடாது. சுழிகள் ஒட்டிக்கொண்டு ண, ன-வாகும். எழுத்தை அழித்துவிட்டுப் புதிதாக டைப் செய்வதே வழி.

லோகோவுக்கு இந்த வைத்தியம் எதுவும் வேண்டாம். நிறுவனத்தின் ஆண்டறிக்கை, விலைப்பட்டியல் என்று ஏதாவது பிடிஎஃப் இருந்தால் இல்லஸ்ட்ரேட்டரில் திறந்து பாருங்கள். பல நேரம் வெக்டராகவே (எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோட்டு வடிவமாக) உள்ளே இருக்கும். இல்லாவிட்டால் பென் டூலால் வரைய வேண்டும். 200 பிக்சல் லோகோவை ஆட்டோ டிரேஸ் செய்தால் (மென்பொருளையே கோடு வரையவிட்டால்) வட்டம் உருளைக்கிழங்காகிவிடும். ஏற்கெனவே அச்சான தாளிலிருந்து ஸ்கேன் செய்வதானால் 600-இல் எடுத்து, ஸ்கேனரில் அச்சுப் புள்ளிகளைக் கலைக்கும் டீஸ்கிரீனைப் போட்ட பிறகே அளவைக் குறையுங்கள். பழைய புள்ளியும் புதிய புள்ளியும் மோதினால் அலைக்கோலம் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் தேறாத படம் உண்டு. அதைச் சிறிதாகப் போடுவதே மரியாதை. முழுப் பக்கத்துக்குக் கேட்ட படத்தைக் கால் பக்கத்தில் வைத்தால் பிபிஐ இரண்டு மடங்காகும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் லிங்க்ஸ் பேனலில் எஃபெக்டிவ் பிபிஐ என்ற எண்ணைப் பார்த்தால் உண்மை நிலவரம் தெரியும். ஃபைலில் 300 என்று இருக்கும் படத்தை 200 சதவீதம் இழுத்து வைத்தால் அங்கே 150 என்றுதான் காட்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். விளம்பரப் படம் கேட்கும்போது 300 டிபிஐ (பிபிஐயைத்தான் இப்படிச் சொல்கிறார்கள்) வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, பிக்சல் எண்ணிக்கையைக் கேளுங்கள். 8 செ.மீ. அகல விளம்பரப் படம் நாளிதழ்த் தாளுக்கு 630 பிக்சல் அகலம் இருக்க வேண்டும், 16 செ.மீ. என்றால் 1,260. எந்தப் போனிலும் படத்தின் விவரத்தைத் திறந்தால் இந்த எண் தெரியும், அனுப்புபவரே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அச்சுக்குப் படம் தயாரிக்கும் வாசகர் ஒருவர்