அபராத உச்சவரம்பு குறித்து நீதி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

ஐக்கிய இராச்சியத்தின் நீதி அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். 2018 நவம்பரில் லண்டன் கிரேட் போர்ட்லேண்ட் தெருவில் பென்ட்லி சொகுசுக் காரை ஓட்டியபடியே கைபேசியைப் பயன்படுத்திய முன்னாள் கால்பந்து வீரர் டேவிட் பெக்காமைப் பொதுமக்களில் ஒருவர் படமெடுத்தார். பெக்காம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதற்குரிய ஆறு தண்டனைப் புள்ளிகள், அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் ஏற்கெனவே இருந்த ஆறு புள்ளிகளோடு சேர்ந்து பன்னிரண்டாயின. மூன்று ஆண்டுகளுக்குள் பன்னிரண்டு புள்ளிகள் சேர்ந்துவிட்டால் வாகனம் ஓட்டக் குறைந்தது ஆறு மாதத் தடை என்பது 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துக் குற்றவாளிகள் சட்டத்தின் விதி. 2019 மே மாதம் புரோம்லி நீதிமன்றம் அந்தத் தடையை விதித்தது. வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன என்ற விளக்கத்தை நீதிபதி சாக்காக ஏற்கவில்லை. தடையைப் பற்றி எனக்குக் குறையேதும் இல்லை.

என் குறை, அத்துடன் விதிக்கப்பட்ட 750 பவுண்டு அபராதத்தைப் பற்றியது. வழக்குச் செலவு 100, கூடுதல் கட்டணம் 75 ஆகியவற்றைச் சேர்த்தும் மொத்தம் 925 பவுண்டுதான். இதற்காக நீதிபதியைக் குறைசொல்ல இயலாது. தண்டனை வழிகாட்டிகள் அபராதத்தைக் குற்றவாளியின் வார வருமானத்தை வைத்தே கணக்கிடச் சொன்னாலும், கார் ஓட்டியபடி கைபேசியைக் கையாளும் குற்றத்துக்குச் சட்டம் 1,000 பவுண்டு என்று உச்சவரம்பு கட்டியிருக்கிறது. அந்த நிலைக் குற்றங்களுக்கான அத்தொகை 1992 முதல் மாறவே இல்லை. இதைவிட விசித்திரம், அதே குற்றத்தைச் செய்யும் லாரி அல்லது பேருந்து ஓட்டுநருக்கு உச்சவரம்பு 2,500 பவுண்டு. கனரக வாகனத்தால் விளையும் ஆபத்து பெரிது என்பது நியாயமே. ஆனால், சம்பளத்துக்கு லாரி ஓட்டுபவர் சொந்த பென்ட்லியில் செல்பவரைவிட அதிகம் கட்ட நேரலாம் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருப்பார்களா என்று தெரியவில்லை.

வருமானத்துக்கேற்ப அபராதம் விதிப்பது நம் நீதிமன்றங்களுக்குப் புதிதும் அல்ல. 2018 செப்டம்பரில், குடிபோதையில் கார் ஓட்டிய டாட்டன்ஹாம் அணியின் கோல்காப்பாளர் ஹியூகோ லோரிஸுக்கு இருபது மாதத் தடையோடு 50,000 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டது. அந்தக் குற்றத்துக்கு அபராத உச்சவரம்பு கிடையாது என்பதால்தான் அது முடிந்தது.

தடை எல்லோருக்கும் ஒன்றுதானே, அது போதாதா என்று தங்கள் அலுவலர்கள் கேட்கக்கூடும். ஓட்டுநரை அமர்த்திக்கொள்ள வசதி உள்ளவருக்கு ஆறு மாதத் தடை ஓர் அசௌகரியம். இரவில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கோ வீட்டு வாடகையே கேள்விக்குறியாகிவிடும். அசாதாரணக் கஷ்டத்தைக் காட்டித் தடையைத் தவிர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது என்றாலும், வேலை பறிபோவது மட்டுமே எப்போதும் போதிய காரணமாகிவிடாது. தடையை மீறி ஓட்டினால் காப்பீடு செல்லாமல் போவதோடு, ஆறு மாதம் வரை சிறையும் காத்திருக்கிறது. அந்த அபாயத்தில் இறங்கத் தூண்டப்படுபவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, கைபேசிக் குற்றத்துக்கான 1,000 பவுண்டு வரம்பை நீக்கி, வழிகாட்டிகள் ஏற்கெனவே வகுத்துள்ள வருமானக் கணக்கு முழுமையாகச் செயல்பட வழிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்குக் காலமாகும் எனில், தடைக்காலம் முடிந்து உரிமத்தைத் திரும்பப் பெறுபவர் எவராயினும் மறுபடி ஓட்டுநர் தேர்வு எழுத வேண்டும் என்ற நிபந்தனையையாவது முதலில் பரிசீலிக்க வேண்டும். அதைக் காசு கொடுத்து இன்னொருவரை எழுதவைக்க முடியாது.

இப்படிக்கு,
லண்டன் தெருக்களில் நாள்தோறும் நடந்து செல்லும் ஒருவர்