யார் வீட்டுப் பெண்?

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஹாஸ்டல் பழகிவிட்டது என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? இங்கே எல்லோரும் நலம். செமஸ்டர் தேர்வு முடிந்துவிட்டது. காஸ்ட் அக்கவுண்டிங் பற்றித்தான் கொஞ்சம் கவலை.

கல்லூரிக்குப் போய் மாறிவிட்டேனா என்று கேட்டிருந்தாய். மாறித்தான் இருக்கிறேன். ஆனால் அதில் பெரும்பங்கு எங்கள் ஊர்க் கிராம சபைக்கு.

ஆகஸ்ட் 15 அன்று முதல் தடவையாகப் போனேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பலர் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வரவு செலவை மடமடவென்று படித்துக்கொண்டே போனார். இடையில் தெருவிளக்குப் பராமரிப்பு என்று ஒரு தொகை வந்தது. பஸ் ஸ்டாப்பிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பும் வளைவு உனக்கு ஞாபகம் இருக்கும். அங்கே விளக்கு எரிந்து மாதக்கணக்காகிறது. கல்லூரி விட்டுக் கடைசி பஸ்ஸில் இறங்கும் நாங்கள் செல்போன் வெளிச்சத்தில்தான் நடந்து வருகிறோம்.

எழுந்துவிட்டேன். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, எந்தெந்தக் கம்பத்தில் விளக்கு மாற்றினீர்கள், படித்துக் காட்டுங்கள் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பதிலுக்கு முன்னால் பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "யார் வீட்டுப் பொண்ணு இது?" யாரோ அப்பா பெயரைச் சொன்னார்கள். நான் என் பெயரைச் சொன்னேன். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள், நானும் உறுப்பினர், அதனால் கேட்கிறேன் என்றேன். நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அக்கா, "பிள்ளை சரியாத்தானே கேட்குது, அந்த வளைவுல நானும்தான் தடுக்கி விழுந்தேன்" என்றார். அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.

அந்த "யார் வீட்டுப் பொண்ணு" மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. கேட்டவர் கெட்டவரில்லை, ஊர் வழக்கம் அப்படி. ஆனால் நம் நாட்டின் முதல் பொதுத்தேர்தலைப் பற்றி நூலகத்தில் படித்தபோது திடுக்கிட்டேன். 1951-52 தேர்தலுக்குப் பட்டியல் தயாரிக்கப் போனவர்களிடம் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றுதான் சொன்னார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் சேர்க்க முடியாது என்று அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றதில், ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன், ஆனாலும் அந்த எண் வலிக்கிறது. அந்தப் பெண்களுக்கு ஓட்டுரிமை இருந்தது. வாசலில் நின்று பெயரைச் சொல்லும் பழக்கம்தான் இல்லை.

இன்னொன்றும் படித்தேன். அரசியலமைப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26இல். குடியுரிமை பற்றிய 5 முதல் 9 வரையிலான பிரிவுகளோ 1949 நவம்பர் 26 அன்றே அமலாகிவிட்டன. குடியரசுக்கு முன்பே குடிமக்கள் வந்துவிட்டார்கள். இந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இப்போதெல்லாம் வகுப்பில் புரியாவிட்டால் கை தூக்கிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் என் சந்தேகத்தையும் சேர்த்து நீதான் கேட்பாய், ஞாபகம் இருக்கிறதா?

விளக்கு விஷயம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. தெருவில் எரிகிறது, வளைவில் இல்லை. அடுத்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடப் போகிறேன். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும்.

சரி, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ நீ கொடுத்துவிட்டாயா? ஹாஸ்டல் முகவரியிலும் சேரலாம், வீட்டு முகவரியிலும் சேரலாம், ஏதாவது ஒன்றில்தான். உன் பெயர் நம் ஊர்ப் பட்டியலில் இருந்தால்தான் நம் கிராம சபையில் நீ உறுப்பினர். ஆனால் நாலு வருடம் இருக்கப்போகும் அந்த ஊரின் தண்ணீரும் ரோடும் உன் விஷயம்தானே. யோசித்து எழுது. ஊர்ப் பட்டியல் என்றால் அக்டோபர் 2 கூட்டத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி