ஓசோன் தினமும் நம் வீட்டு ஃபிரிட்ஜும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வருகிற செப்டம்பர் 16 உலக ஓசோன் தினம். அன்று மதியம் இரண்டு பாடவேளையை ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை அதற்காக ஒதுக்கியிருக்கிறோம். காலாண்டுத் தேர்வு நெருங்கிவிட்ட நேரத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகவும், அந்த வாரம் பிள்ளைகள் வீட்டில் வந்து கேட்கப்போகிற விஷயங்களுக்கு உங்களைத் தயார்ப்படுத்தவும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

ஒவ்வொரு ஆண்டும் அறிவியல் விடைத்தாள்களில் ஒரு வரி தவறாமல் வருகிறது: "ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்துவிட்டதால் அதன் வழியே சூரிய வெப்பம் உள்ளே வந்து பூமி சூடாகிறது." ஓசோன் தினத்துக்கு வருகிற சார்ட்டுகளிலும் இதே கதைதான். வாயில் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு அழுகிற பூமி, தலையில் ஒரு ஓட்டை. (அந்தச் சார்ட்டுகளில் பாதியை இரவு பத்து மணிக்கு நீங்கள்தான் வரைகிறீர்கள் என்பது கையெழுத்தைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும்.) பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள், பிள்ளைகளைச் சொல்லி என்ன பயன்?

வானத்தில் உயரே இருக்கும் ஓசோன் வாயுப் படலம் தடுப்பது வெப்பத்தை அல்ல, சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாமல் வரும் புற ஊதாக் கதிர்களை. அந்தக் கதிர் உடம்பில் பட்டால் சூடு தெரியாது. கொடைக்கானல் போய்விட்டு வந்தவர்களைப் பாருங்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கியபடியே ஊர் சுற்றியிருப்பார்கள், ஆனால் முகம் கறுத்திருக்கும். அங்கே குளிர் அதிகம், புற ஊதாவும் அதிகம். பூமி சூடாவதற்கு முக்கியக் காரணம் வேறு. நிலக்கரி, பெட்ரோல் எரிப்பதால் சேரும் கரியமில வாயு, பூமியிலிருந்து வெளியே போக வேண்டிய வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஓசோன் என்றாலே 'குடை' என்று நாம் சொல்லிக் கொடுத்துவிட்டோம். குடை என்றதும் பிள்ளைக்கு வெயில் ஞாபகம் வருகிறது, வெயில் என்றதும் சூடு. இந்த ஆண்டு வகுப்பில் குடையை மடக்கி வைத்துவிட்டுப் பேசச் சொல்லியிருக்கிறேன்.

சரி, ஓசோன் எப்படிக் குறைந்தது?

இது கெட்ட எண்ணத்தில் தொடங்கிய கதை அல்ல. 1920களில் வந்த ஃபிரிட்ஜுகளில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மீத்தைல் குளோரைடு போன்ற வாயுக்கள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாம் விஷம், கசிந்தால் ஆளைக் கொல்லும். பாதுகாப்பான ஃபிரிட்ஜ் செய்ய வேண்டும் என்று ஐன்ஸ்டைனே தன் நண்பர் சிலார்டுடன் சேர்ந்து ஒன்றை வடிவமைத்துக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். இந்தப் பிரச்சினைக்கு 1928இல் விடை கண்டுபிடித்தவர் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் மிட்ஜ்லி. குளோரோஃபுளோரோ கார்பன், சுருக்கமாக சி.எஃப்.சி. எரியாது, விஷமில்லை, வாடையும் இல்லை. 1930இல் வேதியியலாளர்கள் கூடியிருந்த ஒரு சபையில் அவர் அந்த வாயுவை மூச்சில் இழுத்து, அதை ஊதியே ஒரு மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். கூட்டம் அசந்துபோனது. அப்புறம் ஃபிரிட்ஜ், ஏ.சி., ஸ்ப்ரே டப்பா, மெத்தைக்கான நுரை, எலக்ட்ரானிக் பாகங்களைக் கழுவும் திரவம் என்று அது போகாத இடமில்லை. (பெட்ரோலில் ஈயம் கலக்கும் யோசனையும் இதே மனிதருடையதுதான். பாவம், கெட்டிக்காரர்.)

எதோடும் வினைபுரியாது என்பது அதன் பெருமை. சிக்கலும் அங்கேதான். மழையில் கரையாது, வெயிலில் சிதையாது, கீழே அதை அழிக்க எதுவுமே இல்லை. பல ஆண்டுகள் மிதந்து மிதந்து, ஓசோன் இருக்கிற 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்ச் சேருகிறது. அங்கே வலுவான புற ஊதாக் கதிர் பட்டதும் உடைந்து, குளோரின் அணு தனியே கழன்றுவிடுகிறது. அந்தக் குளோரின் ஒரு ஓசோன் மூலக்கூறிலிருந்து ஒரு ஆக்சிஜனைப் பிடுங்குகிறது, அடுத்த வினையில் அதை விட்டுவிட்டு இன்னொரு ஓசோனைத் தேடிப் போகிறது. தான் மட்டும் செலவாவதே இல்லை. ஒரே ஒரு குளோரின் அணு சுமார் ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும். இதைக் கணக்குப் போட்டு 1974இல் எழுதியவர்கள் கலிஃபோர்னியாவில் இருந்த மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும். தொழில் துறையினர் "நிரூபணம் எங்கே?" என்று பத்து ஆண்டுகளுக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நிரூபணம் அண்டார்டிகாவிலிருந்து வந்தது. ஹாலி என்ற இடத்தில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1950களிலிருந்து ஆண்டுதோறும் ஓசோனை அளந்து வந்தார்கள். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத, சலிப்பூட்டும் வேலை. ஓசோனை டாப்சன் என்ற அலகில் அளப்பார்கள். 300 டாப்சன் என்றால், தலைக்கு மேலே உள்ள ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொண்டுவந்து பரப்பினால் 3 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும் என்று பொருள். ஹாலியில் அக்டோபர் மாதங்களில் 300 அளவில் இருந்தது, 1984 வாக்கில் 200 அளவுக்கு இறங்கிவிட்டது. 1985 மே மாதம் ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்க்ளின் மூவரும் அதை வெளியிட்டார்கள். ஓட்டை என்கிறோமே தவிர, அங்கே ஓசோன் ஒரேயடியாக இல்லாமல் போவதில்லை. 220 டாப்சனுக்குக் கீழே மெலிந்த பகுதியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

உங்கள் பிள்ளை நிச்சயம் கேட்கப்போகிற கேள்வி இது: "ஃபிரிட்ஜ் எல்லாம் இங்கே இருக்கு, ஓட்டை மட்டும் ஏன் ஆளே இல்லாத இடத்தில விழுது?" நல்ல கேள்வி, விஞ்ஞானிகளும் இதைத்தான் கேட்டார்கள். காற்று இந்த வாயுவை உலகம் முழுக்கச் சமமாகக் கலந்துவிடுகிறது. ஆனால் அண்டார்டிகாவின் குளிர்காலத்தில் மட்டும் மேலே சுழல்காற்று ஒரு வேலி போட்டுவிடும், உள்ளே வெப்பநிலை மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே போய் அபூர்வமான மேகங்கள் உருவாகும். அந்த மேகத் துகள்களின் மேற்பரப்பில்தான், அதுவரை மற்றப் பொருள்களோடு சேர்ந்து சும்மா கிடந்த குளோரின் விடுபடுகிறது. இதைச் சொன்னவர் சூசன் சாலமன் என்ற இளம் வேதியியலாளர். சொன்னதோடு நிற்காமல் 1986இல் ஒரு குழுவோடு அண்டார்டிகாவுக்கே போய் அளந்தார். செப்டம்பரில் அங்கே சூரியன் திரும்பி வந்ததும் வினை தொடங்கிவிடுகிறது. ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபரில் அந்த ஓட்டை பெரிதாவது இதனால்தான்.

இதில் நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு, பாடப்புத்தகத்தில் இல்லை. ஓசோன் அலகுக்குப் பெயர் தந்த ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டாப்சன், 1920களின் கடைசியில் தன் கருவிகளை உலகின் வெவ்வேறு மூலைகளுக்கு அனுப்பினார். கலிஃபோர்னியா, எகிப்து, நியூசிலாந்து, அப்புறம் நம் கொடைக்கானல் வானாய்வு நிலையம்! வெப்பமண்டலத்தில் ஓசோன் இயல்பாகவே குறைவு என்று தெரிந்ததில் அந்த மலைக்குப் பங்கு உண்டு. இன்னொருவர் அன்னா மாணி. பீர்மேட்டில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். பலூனில் கட்டி மேலே அனுப்பி ஓசோனை அளக்கும் கருவியை 1960களில் இந்தியாவிலேயே உருவாக்கக் காரணமாக இருந்தவர். சார்ட் வரைந்தே ஆக வேண்டும் என்றால் அழுகிற பூமிக்குப் பதிலாக இவரை வரையச் சொல்லுங்கள்.

விளைவுகளைப் பற்றிப் பயமுறுத்தாமல் பேச வேண்டும் என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். புற ஊதாக் கதிர் அதிகமானால் தோல் புற்றுநோய், கண்புரை, நோய் எதிர்ப்புச் சக்தி குறைவது எல்லாம் உண்மை. அண்டார்டிகக் கடலில் ஓட்டைக்கு அடியில் நுண்பாசிகளின் உற்பத்தி 6 முதல் 12 சதவீதம் குறைந்ததை 1990 வாக்கில் அளந்திருக்கிறார்கள். அங்கே எல்லா உயிருக்கும் முதல் சோறு அந்தப் பாசிதான். சிலியின் தென்கோடியில் இருக்கும் புந்தா அரேனாஸ் நகரத்துக்கு மேலே சில நாட்களில் ஓட்டையின் விளிம்பு வந்து நிற்கும், அப்போது வெளியே போவதற்கே எச்சரிக்கை கொடுப்பார்கள். ஆனால் தமிழ்நாட்டுக்கு மேலே ஓசோன் ஓட்டை எதுவும் விழவில்லை. வெப்பமண்டலத்தில் ஓசோன் பெரிதாகக் குறையவும் இல்லை. நமக்கு வேறு விஷயம்: சூரியன் உச்சியில் நிற்கிற ஊர், இயல்பாகவே மெல்லிய ஓசோன். எனவே புற ஊதா இங்கே எப்போதுமே அதிகம். மொட்டை மாடியில் போட்டுவைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றிரண்டு வருடத்தில் வெளுத்துப்போய், உட்கார்ந்ததும் காலை ஒடித்துக்கொள்கிறதே, அது இந்தக் கதிரின் வேலை. நம் தோல் நிறம் ஓரளவு காப்பாற்றும். கண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இந்த நிகழ்ச்சிக்கு இரண்டு பாடவேளை கொடுக்க எனக்குத் தூண்டுதலாக இருந்தது இனிமேல் சொல்லப்போவதுதான். சுற்றுச்சூழல் என்றாலே "எல்லாம் நாசமாகிவிட்டது" என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஓசோன் விஷயத்தில் அப்படி எழுத முடியாது. ஓட்டை கண்டுபிடித்து இரண்டரை ஆண்டுகளுக்குள், 1987 செப்டம்பர் 16 அன்று, சி.எஃப்.சி. போன்ற வாயுக்களைக் குறைப்பதற்கான ஒப்பந்தம் கனடாவின் மான்ட்ரியலில் கையெழுத்தானது. "நாங்கள் இப்போதுதான் ஃபிரிட்ஜ் வாங்கவே ஆரம்பித்திருக்கிறோம், மாற்றுவதற்கான செலவை யார் தருவது?" என்று இந்தியாவும் சீனாவும் கேட்டன. கேட்டது சரிதான். 1990இல் அதற்கென ஒரு நிதியம் ஏற்பாடானது, 1992இல் இந்தியா சேர்ந்தது. இன்று உலகத்தில் எல்லா நாடும் அதில் உண்டு. இந்தியாவில் ஆஸ்துமா இன்ஹேலர் போன்ற மருத்துவத் தேவை தவிர மற்ற சி.எஃப்.சி. உற்பத்தி 2008இல் நின்றது. பின்னால் அதுவும் போய்விட்டது.

எல்லோரும் யோக்கியர்கள் என்று சொல்லவில்லை. சி.எஃப்.சி. வகைகளில் ஒன்றான சி.எஃப்.சி.-11 எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை என்று 2018இல் கண்டுபிடித்தார்கள். கொரியாவிலும் ஜப்பானிலும் இருந்த அளவு நிலையங்களை வைத்துத் தேடியதில், கூடுதலாக வெளியேறியதில் கணிசமான பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து கிளம்புவது தெரிந்தது. விஷயம் வெளியே வந்ததும் வெளியேற்றம் மறுபடி இறங்கியது. அளப்பவர் ஒருவர் விடாமல் அளந்துகொண்டிருந்தால்தான் திருடன் பிடிபடுவான். ஐ.நா. ஆதரவில் நடந்த 2022 மதிப்பீட்டின்படி, இப்படியே போனால் உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலும், அண்டார்டிகாவுக்கு மேலே 2066 வாக்கிலும் ஓசோன் 1980இல் இருந்த நிலைக்குத் திரும்பும். தாமதத்துக்குக் காரணம், ஏற்கெனவே மேலே போன வாயு ஐம்பது, நூறு ஆண்டுகள் அங்கேயே இருப்பது.

இனி நம் வீட்டு விஷயம். பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்திருக்கிறோம். ஃபிரிட்ஜின் பின்புறமோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன கேஸ் என்று போட்டிருக்கும், அதை நோட்டில் எழுதி வர வேண்டும். ஆர்-12 என்றால் பழைய சி.எஃப்.சி.; 2000க்கு முன் வாங்கிய பெட்டியாக இருக்கலாம். பழைய ஏ.சி.களில் ஆர்-22 இருக்கும், அதுவும் ஓசோனைக் கெடுக்கும், ஆனால் குறைவாக. ஆர்-134ஏ, ஆர்-32 போன்றவற்றில் குளோரின் இல்லை, ஓசோனுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் இவை வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமில வாயுவைவிடப் பல நூறு மடங்கு கெட்டிக்கார வாயுக்கள். அதனால் 2016இல் ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரத்தில் கூடி இவற்றையும் குறைக்க முடிவெடுத்தார்கள். விடைத்தாளில் நம் பிள்ளைகள் போடுகிற குழப்பத்துக்கு இப்படி ஒரு ஓரத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. புது ஃபிரிட்ஜுகளில் வருகிற ஆர்-600ஏ இரண்டு விதத்திலும் நல்லது, ஆனால் தீப்பிடிக்கும். எனவே குழந்தைகள் பின்பக்கக் குழாய்களைத் தொட வேண்டாம், ஸ்டிக்கரைப் பார்க்கும்போது பெரியவர்கள் பக்கத்தில் இருங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஆசிரியர் அறையில் இருப்பதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம், மதிப்பெண் எதுவும் இதற்குக் கிடையாது.

பெற்றோருக்கும் ஒன்று. கோடை வந்தால் மெக்கானிக் வந்து "கேஸ் அடிக்கணும்" என்பார். கேஸ் தானாகத் தீராது, எங்கேயோ கசிகிறது. முதலில் லீக் எங்கே என்று பார்த்து அடைக்கச் சொல்லுங்கள், அப்புறம் கேஸ் நிரப்பட்டும். மீதி இருக்கும் பழைய கேஸைத் திறந்துவிடாமல் சிலிண்டரில் எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். லீக்கை அடைத்துவிட்டால் அடுத்த கோடையில் மறுபடி அதே செலவு வராது. ஓடாத பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும்போதும் இதே பிரச்சினைதான். தாமிரக் குழாய்க்காக ஒரே வெட்டு, உள்ளே இருந்ததெல்லாம் மேலே போய்விடும்.

பள்ளியில் செய்திருக்கும் மாற்றங்கள்: பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை வருகிற விளையாட்டுப் பாடவேளைகளைக் காலை முதல் வேளைக்கும் மாலை கடைசி வேளைக்கும் மாற்றியிருக்கிறோம். மைதானத்தில் தொப்பி போட்டுக்கொள்ளலாம், எந்த நிறமாக இருந்தாலும் சரி. புதிதாக வாங்க வேண்டாம், வீட்டில் இருப்பது போதும்.

செப்டம்பர் 16 மதியம் நம் மாணவர் ஒருவரின் அப்பா, ஏ.சி. மெக்கானிக்காக இருப்பவர், கேஸை வெளியே விடாமல் சிலிண்டரில் எடுப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். அதே தொழிலில் இருக்கும் மற்றப் பெற்றோரும் வரலாம். வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையின் டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள், நாற்காலி போட வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்