புது சர்வரும் ஒரு நீலக் கம்பியும்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு இரவு.

அன்பு மச்சான்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று நீ எழுதி மூன்று வாரம் ஆகிவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். பதில் எழுத முடியாமல் போனதற்குக் காரணம் ஆபீஸில் வந்திறங்கிய புது சர்வர்தான். நீயும் அங்கே சிஸ்டம் வேலைதானே பார்க்கிறாய், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

தம்புச் செட்டித் தெருவில் எங்கள் ஆபீஸ் கீழ்த்தளத்தில்தானே இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் உள்ளே முழங்காலளவு தண்ணீர். சர்வர் மேசைமேல் இருந்ததால் தப்பித்தது. எங்களைப் போல மற்றவர் சரக்குக்குச் சுங்க வேலை பார்த்துக் கொடுக்கும் கஸ்டம்ஸ் புரோக்கர்களுக்கான 2018 விதிப்படி எல்லா ரெக்கார்டையும் குறைந்தது 5 வருஷம் வைத்திருக்க வேண்டும். பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் கொடுக்கும் படிவம்), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் என்று ஸ்கேன் செய்து வைத்தது அத்தனையும் அந்த ஒரு பெட்டிக்குள். அன்று ராத்திரி நான் தூங்கவே இல்லை. இப்போது சர்வர் இரண்டாம் மாடியில், பேக்கப் எடுக்கும் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டிய டிஸ்க் பெட்டி) அதே மாடியில் தெருப்பக்க அறையில்.

முதல் நாள் ராத்திரி 9 மணிக்கு முழு பேக்கப்பை ஓட விட்டேன். மொத்தம் 1 டெராபைட்தான். காலையில் வந்து பார்த்தால் பாதிகூட ஆகவில்லை. முடிந்தது மறுநாள் ராத்திரி 10 மணிக்கு. 25 மணி நேரம்! முதலாளிக்கு டிஸ்க் மேல் சந்தேகம். சர்வர் விற்றவர்கள் நெட்வொர்க்கையே 10 கிகாபிட் வேகத்துக்கு மாற்றும் ஸ்விட்ச் வாங்கச் சொன்னார்கள். அளந்து பார்க்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யக் கூடாதென்று நான் ஒரே பிடியாக நின்றேன்.

தனித்தனியாக அளந்தேன். நாஸில் நேரடியாக எழுதிப் பார்த்தால் நொடிக்கு 180 எம்.பி. (மெகாபைட்). சர்வர் டிஸ்க்கிலிருந்து படிப்பது அதைவிட வேகம். மிச்சம் நெட்வொர்க். லைன் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் ஓட்டினேன்: நொடிக்கு 94 மெகாபிட். அந்த எண்ணைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. கிகாபிட் லைன் (நொடிக்கு 1000 மெகாபிட்) என்றால் 940 பக்கம் வர வேண்டும். 94 என்றால் 100 மெகாபிட்டில் இணைந்திருக்கிறது. எட்டு பிட் ஒரு பைட், அதனால் நொடிக்கு 12 எம்.பி.க்கு மேல் அதில் போகவே போகாது. நெட்வொர்க் கார்டின் நிலையைச் சொல்லும் எத்டூலும் ஸ்பீடு 100 என்றே காட்டியது.

கிகாபிட்டுக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்னில் சேரும் இரண்டு ஜோடி போதும். நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ அறுந்தாலும் லைன் சாகாது, சத்தமில்லாமல் வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்ளும். எந்த எச்சரிக்கையும் வராது, அதுதான் கொடுமை. டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், நாஸ் பக்கத்து கனெக்டரில் நீலக் கம்பி சேரும் 4-ஆவது பின் பேசவே இல்லை. அதை வெட்டிப் புதுக் கனெக்டரை க்ரிம்ப் செய்தேன் (இறுக்கி மாட்டினேன்). 941 வந்தது.

அத்தோடு முடிந்ததென்றுதான் நினைத்தேன். டேட்டாபேஸ் முழுவதையும் ஒரே ஃபைலாக எடுத்த டம்ப் நொடிக்கு 110 எம்.பி.யில் பறந்தது. ஸ்கேன் ஃபோல்டருக்குள் நுழைந்ததும் 15-க்கு விழுந்துவிட்டது. அதில் 14 லட்சம் சின்னச் சின்ன ஃபைல்கள். ஒவ்வொன்றையும் திறந்து, எழுதி, தேதியும் பர்மிஷனும் போட்டு, மூடி, நாஸ் பதில் சொன்ன பிறகுதான் அடுத்ததைத் தொட முடியும். லைன் பெரும்பாலான நேரம் சும்மா காத்துக் கிடக்கிறது. துறைமுகத்திலும் இதே கதைதானே? கன்டெய்னராக வந்தால் ஒரே தூக்கு, மூட்டை மூட்டையாக வந்தால் பொழுதன்றைக்கும் இறக்க வேண்டும். அதனால் பழைய மாதங்களை மாதத்துக்கு ஒரு டார் ஃபைலாக (பல ஃபைலை ஒன்றாகச் சேர்த்தது) கட்டிவிட்டேன், அவை இனி மாறப்போவதில்லை. நடப்பு மாதத்துக்கு மட்டும் ஆர்சிங்க் புரோகிராம் மாறிய ஃபைல்களை எடுக்கிறது. இப்போது தினசரி வேலை 40 நிமிஷத்துக்குள் முடிகிறது. வாரம் ஒரு டிஸ்க் முதலாளி வீட்டுக்குப் போகிறது.

நேற்று அதிலிருந்து ஒரு பழைய மாதத்தைப் பிரித்து, பத்து ஃபைலைத் திறந்து பார்த்தேன். முத்திரை, கையெழுத்து எல்லாம் தெளிவாக இருந்தன. நீயும் உன் பேக்கப்பிலிருந்து எதையாவது திரும்ப எடுத்துப் பார்த்து எத்தனை நாளாகிறது? இந்த வாரமே பாருடா.

பொங்கலுக்கு வருகிறாயா? வந்தால் மெட்ரோவில் தண்டையார்பேட்டையிலேயே இறங்கு, நான் வண்டியோடு நிற்கிறேன். சாயங்காலம் பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடலாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல்.

உன் மச்சான்