குதிரையின் ஒரு நாளைக்கு என்ன செலவு? சென்னை லாய உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய லாய உரிமையாளர்களுக்கும் சவாரிப் பள்ளி நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியும் நகரின் மற்ற ஓரங்களிலும் பிறர் குதிரைகளை மாதக் கட்டணத்துக்கு வைத்துப் பராமரிக்கும் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இதை எழுதுகிறேன். நீங்கள் வாங்கும் தொகை அதிகம் என்று முறையிட வரவில்லை. பல இடங்களில் அது குறைவு என்பதே என் எண்ணம். அந்தக் குறைவு குதிரையின் தீவனத் தொட்டியில்தான் ஈடுகட்டப்படுகிறது என்பதே என் கவலை. மாதம் இவ்வளவு என்று ஒரே தொகையைச் சொல்லி முடித்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிட்டு, அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கும், எத்தனை கிலோ அடங்கும், எது அடங்காது என்பதை எழுத்தில் தாருங்கள் என்று கேட்கிறேன்.

இப்போது கட்டணம் எப்படி முடிவாகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பக்கத்து லாயத்தில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரித்து, அதிலிருந்து ஆயிரமோ இரண்டாயிரமோ குறைத்துச் சொன்னால் குதிரை வந்துவிடும். வந்த பிறகு தீவன விலை ஏறும், குதிரையைக் கவனிக்கும் பணியாளரான சைஸ் சம்பள உயர்வு கேட்பார், கோடையில் தண்ணீர் லாரிக்குப் பணம் போகும். தொகையை உயர்த்தினால் உரிமையாளர் வேறு லாயம் தேடிப் போய்விடுவாரோ என்ற அச்சத்தில் சொன்ன தொகை அப்படியே நிற்கும். இடத்தின் வாடகையைக் குறைக்க முடியாது, மின் கட்டணத்தைக் குறைக்க முடியாது. வாய் திறந்து கேட்காத ஒரே தரப்பு குதிரைதான் என்பதால், அதன் புல் குறைகிறது, படுக்கை மெலிகிறது, வெளியே நடத்திக் கூட்டிப்போகும் நேரம் சுருங்குகிறது.

புல்லைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் செலவிலும் கண்துடைப்பிலும் பெரிய பங்கு அதற்குத்தான். குதிரைக்கு நாள்தோறும் தன் உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை நார்த்தீவனம் வேண்டும். இது தண்ணீரைக் கழித்துவிட்டுப் போடும் கணக்கு. 400 கிலோ எடையுள்ள குதிரைக்குக் குறைந்தது 6 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். காய்ந்த புல்லாக இருந்தால் 7 கிலோ போட்டால் போதும். ஆனால் நம் ஊரில் பெரும்பாலும் கட்டுக்கட்டாக வந்து இறங்குவது பச்சைப்புல், அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். ஆகவே அதே 6 கிலோ உள்ளே போக 30 கிலோ பச்சைப்புல் வேண்டும். “தினம் 10 கிலோ புல் போடுகிறோம்” என்று சொல்லும்போது கேட்பவருக்கு வயிறு நிறைந்தது போலத் தோன்றும். குதிரைக்கு அது தேவையில் மூன்றில் ஒரு பங்கு. கிலோ 6 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 30 கிலோ போடும் லாயத்துக்கு மாதம் 5,400 ரூபாய் ஆகும். 10 கிலோ போடும் லாயத்துக்கு 1,800 ரூபாய்தான். மலிவான லாயம் மலிவாக இருப்பதன் ரகசியம் பல சமயம் இந்த 3,600 ரூபாய்க்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

எந்தப் புல் என்பதையும் எழுத வேண்டும். நம் பகுதியில் மாட்டுக்காக வளர்க்கப்படும் கம்பு நேப்பியர் புல்லில் ஆக்சலேட் அதிகம். அது குதிரையின் உடலுக்குச் சேர வேண்டிய சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். பாஸ்பரஸ் மிகுந்த கோதுமைத் தவிட்டையும் அதனோடு தாராளமாகச் சேர்த்தால் நாளடைவில் எலும்பு பலவீனமாகும், முக எலும்பு வீங்கும், காரணம் தெரியாமல் நொண்டும். குதிரைமசால் என்ற தீவனப் பயிரையோ கால்சியம் கலவையையோ சேர்த்தால் இதைத் தடுக்கலாம், ஆனால் அதற்கும் பணம் வேண்டும். அந்தப் பணத்தைக் கட்டணத்தில் வெளிப்படையாகச் சேர்த்துக் கேட்டால் கொடுக்க மறுக்கும் உரிமையாளர் குதிரை வளர்க்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து.

கொள்ளு, ஓட்ஸ், தவிடு போன்ற அடர்தீவனத்தில் சிக்கல் வேறு விதமானது. எந்த லாயத்துக்குப் போனாலும் தீவன அறையில் மூட்டைகளுக்கு நடுவே நெளிந்துபோன ஒரு பெயிண்ட் டப்பா கிடக்கும். “காலையில் இரண்டு டப்பா, சாயங்காலம் இரண்டு டப்பா” என்பதுதான் கணக்கு. இரண்டு லிட்டர் பிடிக்கும் டப்பாவில் கொள்ளு நிரப்பினால் ஏறத்தாழ ஒன்றரை கிலோவுக்கு மேல் நிற்கும், ஓட்ஸ் நிரப்பினால் ஒரு கிலோ, தவிடு நிரப்பினால் அரைக் கிலோகூடத் தேறாது. அதாவது டப்பா மாறாமலேயே தீவனம் மூன்றில் ஒன்றாகக் குறையலாம்; யாரும் பொய் சொன்னதாகவும் ஆகாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்பிரிங் தராசு ஒன்றைத் தீவன அறையின் உத்தரத்தில் தொங்கவிட்டு, ஒவ்வொரு குதிரையின் பெயருக்கு நேரே கிலோ கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டினால் இந்தக் குழப்பம் தீரும்.

எவ்வளவு என்பதைப் போலவே எப்போது என்பதும் கட்டணத்தைச் சேர்ந்த விஷயம்தான். குதிரை நாளின் பெரும்பகுதியை மேய்ந்தே கழிக்கும் பிராணி; அதன் இரைப்பையில் தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டேயிருக்கும். சாயங்காலம் 5 மணிக்குப் போட்ட புல் 8 மணிக்குத் தீர்ந்து, மறுநாள் காலை 6 மணிக்குத்தான் அடுத்த புல் என்றால், பத்து மணி நேரம் வெறும் வயிற்றோடு நிற்கும் குதிரைக்கு வயிற்றுப்புண் வருவதில் வியப்பில்லை. இரவு 9 மணிக்கு ஒரு முறை புல் போட்டு, தண்ணீர் பார்த்து, குதிரையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வர ஒருவர் வேண்டும், அவருக்குக் கூலியும் வேண்டும். அதைத் தனி வரியாக எழுதிக் கேளுங்கள்.

கூலி என்றதும் சைஸ்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. லத்தி அள்ளுவது, படுக்கை மாற்றுவது, தேய்த்துவிடுவது, குளம்பைக் கிளறிச் சுத்தம் செய்வது, நடத்துவது, சேணத்தைத் துடைப்பது என்று ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒழுங்காகச் செலவழிக்க வேண்டும். ஒருவர் நான்கு குதிரை பார்க்கலாம்; ஏழெட்டுக் குதிரைகளை அவர் தலையில் கட்டினால் குளம்பு கிளறுவதுதான் முதலில் விடுபடும், ஏனென்றால் அது விடுபட்டது வெளியே தெரியாது. மழைக்காலத்தில் அழுகல் நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். ஒரு சைஸுக்கு எத்தனை குதிரை என்பதைக் கட்டணச் சீட்டில் போடுங்கள். சம்பளம் குறைவாக இருக்கும் இடத்தில் உரிமையாளர் கையில் திணிக்கும் நூறு, இருநூறை நம்பியே சைஸ் வாழ்கிறார். அப்போது நேரில் வந்து கொடுக்கும் உரிமையாளரின் குதிரைக்கு ஒரு கவனிப்பு, வெளிநாட்டில் இருப்பவரின் குதிரைக்கு வேறு கவனிப்பு என்று ஆகிவிடுகிறது. சைஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

சென்னைக்கே உரிய செலவுகளையும் மறைக்க வேண்டாம். சாதாரண நாளிலேயே 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும் குதிரை, அக்னி நட்சத்திரத்தில் வேலையும் செய்தால் அதற்கு மேலும் குடிக்கும்; குளிப்பாட்டும் தண்ணீர் தனி. கடற்கரையோரத்தில் நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் இடங்களில் அத்தனையும் லாரித் தண்ணீர்தான். நம் ஊரின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது, சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். அவற்றுக்குப் பகல் முழுவதும் மின்விசிறி ஓடியாக வேண்டும். ஆகவே ஏப்ரல் முதல் ஜூன் வரை கோடைக் கூடுதல் கட்டணம் என்று ஒன்றை அறிவித்து வாங்குவதில் தவறே இல்லை. அறிவிக்காமல் மே மாதச் சீட்டில் “இதர செலவு” என்று சேர்ப்பதுதான் தவறு. மழைக்கும் இதே பேச்சுதான். 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் பார்த்த பிறகு, தண்ணீர் ஏறினால் குதிரைகள் எந்த மேட்டுக்கு, யார் வண்டியில், யார் செலவில் போகும் என்பதை எழுதி வைக்காத லாயத்தை முழுப் பராமரிப்பு தரும் லாயம் என்று எப்படிச் சொல்வது?

லாடம், குடற்புழு நீக்கம், டெட்டனஸ், வெறிநோய்த் தடுப்பூசிகள், பல் ராவுதல் ஆகியவை மாதக் கட்டணத்துக்கு வெளியே இருப்பதே நல்லது. லாடம் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை வரும், மற்றவை ஆண்டுக்கு ஒன்றோ சில முறையோ. ஏற்பாடு செய்து தருவதற்கு ஒரு சிறு தொகை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர், லாடக்காரர் கொடுத்த ரசீதை மட்டும் இணைத்துவிடுங்கள்.

சவாரிப் பள்ளியும் நடத்தும் லாயங்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. விட்டுவைத்த குதிரையை வகுப்புகளுக்குப் பயன்படுத்திக்கொண்டு கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு இரு தரப்புக்கும் நல்லதுதான். ஆனால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு எடையுள்ள சவாரியாளர் வரை, எந்த நாள் ஓய்வு, வகுப்பில் அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பவை பேசப்படாமலே நடக்கிறது. நான் முன்பு குதிரை விட்டிருந்த ஓர் இடத்தில், என் குதிரை வார இறுதிகளில் மூன்று வகுப்புகளுக்குப் போய்வருவது எனக்குத் தெரிந்ததே அதன் முதுகில் சேணம் உராய்ந்த புண்ணைப் பார்த்துத்தான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. பிறர் உடைமையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்த உடைமையைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்காவது அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. உடன்பாட்டுக்கு மாறாகப் பயன்படுத்தி இழப்பு நேர்ந்தால் ஈடு தர வேண்டும் என்று சொல்லும் 154ஆம் பிரிவு எடுத்துக்காட்டுக்குக் கையாள்வதே குதிரையைத்தான்: ஒருவர் தாம் மட்டும் ஓட்டுவதற்காக இரவல் வாங்கிய குதிரையைத் தம் வீட்டார் ஒருவரை ஓட்டவிடுகிறார்; அந்த வீட்டார் கவனமாக ஓட்டியும் குதிரை தற்செயலாக விழுந்து அடிபடுகிறது; அப்போதும் வாங்கியவர் ஈடு தர வேண்டும். இரவலுக்கே இந்த விதி என்றால், மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு வைத்திருப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அதே சட்டம் எங்களையும் விட்டுவைக்கவில்லை. முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் கொடுத்து, அது ஆளைத் தள்ளிவிட்டால் பொறுப்பு கொடுத்தவருடையது என்று 150ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு கூறுகிறது. கடிக்கும், உதைக்கும், வண்டியில் ஏறாது என்பதையெல்லாம் மறைத்துக் குதிரையைக் கொண்டுவந்து விடும் உரிமையாளர்கள் உண்டு. மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்யாமல் புதுக் குதிரையை இறக்கச் சொல்பவர்களும் உண்டு. அத்தகைய குதிரையை வாசலிலேயே திருப்பி அனுப்ப உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

வயிற்றுவலி வந்த இரவுக்கென்று ஒரு பத்தி ஒப்பந்தத்தில் கட்டாயம் வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றை உதைத்துக்கொண்டு புரளத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். உரிமையாளரின் கைப்பேசி அணைந்திருந்தால் மருத்துவரை அழைக்கும் முடிவை யார் எடுப்பது, எவ்வளவு தொகை வரை கேட்காமலே செலவு செய்யலாம், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் நள்ளிரவில் யாருடைய வண்டி வரும், அறுவை சிகிச்சைக்குச் சம்மதமா இல்லையா என்ற நான்கு கேள்விகளுக்கும் குதிரை நலமாக இருக்கும்போதே விடை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாக்கி வைக்கும் உரிமையாளர்களால் நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியாததல்ல. இரண்டு மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டுப் பிறகு தொலைபேசியையே எடுக்காதவர்களின் குதிரைகள் உங்கள் செலவில் நின்றுகொண்டிருக்கின்றன. இரண்டு மாதக் கட்டணத்தை முன்பணமாக வாங்குங்கள், விலகுவதற்கு ஒரு மாத முன்னறிவிப்பு கேளுங்கள், எத்தனை நாள் தாமதத்துக்குப் பிறகு என்ன நடவடிக்கை என்பதையும் எழுதுங்கள். ஆனால் பாக்கிக்காகத் தீவனத்தைக் குறைப்பது மட்டும் கூடாது. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பிராணியைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதன் நலனைக் காக்கும் கடமையை விதிக்கிறது. பணம் வந்ததா வரவில்லையா என்று அது கேட்பதில்லை.

எல்லா லாயங்களும் கூடி ஒரே கட்டணம் நிர்ணயிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. போட்டியாளர்கள் கூடி விலையை முடிவு செய்வதை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அனுமதிப்பதில்லை. அது குதிரைக்கும் நல்லதில்லை. பொதுவாக இருக்க வேண்டியது கட்டணச் சீட்டின் வடிவம் மட்டுமே: புல்லின் வகையும் எடையும், அடர்தீவனத்தின் எடை, தீவன நேரங்கள், படுக்கை, சைஸ் விகிதம், நடை நேரம், கோடைக் கூடுதல், வகுப்புப் பயன்பாடு, வெளியே நிற்கும் செலவுகள். இந்த வடிவத்தில் ஒரு லாயம் 15,000 என்றும் இன்னொன்று 25,000 என்றும் எழுதினால், எதனால் அந்த வித்தியாசம் என்பது படித்தவுடனே விளங்கும். 25,000 கேட்பவர் கூச்சப்பட வேண்டியதும் இல்லை.

செப்டம்பர் மாதச் சீட்டிலிருந்தே இதைத் தொடங்கினால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் வெள்ளக் கால ஏற்பாட்டையும் சேர்த்துப் பேசிவிடலாம். தீவனத்தைத் தராசில் நிறுத்துப் போடும் லாயத்துக்கு இப்போது தருவதை விடக் கூடுதலாகத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். உங்களிடம் குதிரை விட்டிருக்கும் மற்றவர்களும் இம்மடலைப் படித்துவிட்டுத் தங்கள் சீட்டை எடுத்துப் பார்த்து, கேட்க வேண்டியதை உங்களிடம் நேரிலேயே கேட்பார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
குதிரை உரிமையாளர் ஒருவர்,
நீலாங்கரை, சென்னை.