ரகுவுக்கு: வலியும் சம்பளமும்

அன்புள்ள ரகு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அறுவைக்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதி. மாடிப்படியில் மட்டும் அவசரப்படாதே. இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு பிசியோதெரபியில் இது கடைசி வருடம். வீட்டில் யார் கால் வலிக்கிறது என்றாலும் உடனே குனிந்து தசைநாணைத் தொட்டுப் பார்க்கிறாள். டொரண்டோவில் குளிர் பிடித்துவிட்டது; ஐஸ் ஹாக்கியும் பாஸ்கெட்பாலும் சேர்ந்து ஓடும் மாதங்கள் இவை.

'ஹாக்கிக்காரன் கோப்பைக்காக ஆடுகிறான், பாஸ்கெட்பால்காரன் காசுக்காக ஆடுகிறான்' என்று எழுதியிருந்தாய். அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை.

நீ எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய் என்பது தெரியும். 2013-இல் பாஸ்டன் ஹாக்கி அணியின் கிரிகரி கேம்ப்பெல் என்ன செய்தார் என்பதை யார் மறப்பார்கள்? எதிரணியின் மல்கின் அடித்த பக்கை, அதாவது அந்தக் கெட்டி ரப்பர் வட்டை, மறிக்கத் தரையோடு சரிந்தார். வலது கால் எலும்பு முறிந்தது. பாஸ்டனில் ஏற்கெனவே ஒருவர் தவறு செய்து தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார்; ஐஸில் ஒரு ஆள் குறைவு. இவரும் வெளியேறினால் மூன்று பேர் ஐந்து பேரைச் சமாளிக்க வேண்டும். எழுந்தார். ஒற்றைக் காலில் தள்ளித் தள்ளி நகர்ந்து, மட்டையை நீட்டி எதிராளியின் வழியை மறித்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரு நிமிடம் ஐஸில் நின்றார். அதே மாதம் இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் அதே அணியின் பேட்ரிஸ் பெர்ஜெரான் விலா எலும்பு முறிந்து, தோள் மூட்டு விலகிய நிலையில் ஆடினார். ஆட்டம் முடிந்து மருத்துவமனைக்குப் போனபோது நுரையீரலிலும் துளை. இதைப் பார்த்தவன் உன்னைப் போல் எழுதுவது இயல்புதான்.

ஆனால் 2025 ஜூன் மாதத்து என்.பி.ஏ. (பாஸ்கெட்பால் லீக்) இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார். இண்டியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்குக் கெண்டைக்கால் தசை ஏற்கெனவே இழுத்திருந்தது. உட்கார்ந்திருக்கலாம்; இறங்கினார். ஏழே நிமிடத்துக்குள் மூன்று மூன்று-புள்ளி ஷாட்களைப் போட்டார். பிறகு பந்தோடு முன்னே பாய வலது காலை ஊன்றினார், அவ்வளவுதான். குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் நாண் அறுந்தது. யாரும் இடிக்கவில்லை. தரையில் கிடந்து கையால் மரத்தளத்தை அடித்து அடித்துக் கத்தினார். 2025-26 சீசன் முழுக்க ஆடமாட்டார் என்று அணி அறிவித்துவிட்டது. அதே பிளே-ஆஃபில் (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) வேறு அணிகளின் டேமியன் லில்லார்டுக்கும் ஜேசன் டேட்டமுக்கும் அதே நாண் அறுந்தது. பிளே-ஆஃபுக்கு இரண்டு லீக்குகளிலும் தனிச் சம்பளம் கிடையாது, ஒரு பொதுத் தொகையிலிருந்து பங்குதான். அப்படியிருக்க ஹாலிபர்ட்டன் எந்தக் காசுக்காக அன்று இறங்கினார்?

இரண்டு ஆட்டமும் உடம்பைத் தேய்க்கும் விதம் வேறு. ஹாக்கிக்காரர் ஒரு முறை ஐஸில் இறங்கினால் முக்கால் நிமிடம்போல. அந்த நேரத்தில் இதயம் உச்சத்தில் அடிக்கும். பிறகு பெஞ்சில் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்குவார். மொத்தம் பதினைந்து, இருபது நிமிடம், நல்ல தடுப்பாட்டக்காரர் என்றால் இருபத்தைந்து. இடிபடுவதும் பக்கை உடம்பால் தாங்குவதும் அதற்குள்ளேதான். ஹாக்கி வீரர் ஸ்டேனோ சாரா 2012-இல் திறன் போட்டியில் அடித்த ஷாட்டின் வேகம் மணிக்கு 108.8 மைல். அதற்கு முன்னால் போய் விழுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களை நான் குறைத்துச் சொல்வேனா? சறுக்கும் அசைவே இடுப்பையும் தொடையிடுக்கையும் தின்றுவிடும் என்கிறாள் மகள்.

பாஸ்கெட்பாலில் பெரிய நட்சத்திரம் 48 நிமிடத்தில் 35-ஐத் தாண்டி ஆடுவார். ஆறரை அடி உயரம், நூறு கிலோ எடை. எகிறி, இறங்கி, சட்டென்று நின்று, திரும்பி மறுபடி எகிற வேண்டும். ஐஸ் சறுக்க விடும், மரத்தளம் விடாது. ஒவ்வொரு இறக்கத்தின் பாரமும் முழங்காலிலும் குதிகாலிலும்தான் போய் உட்காரும். 2025-26-இல் இரண்டு லீக்கிலும் 82 ஆட்டங்கள், ஏறக்குறைய ஆறு மாதம். ஓய்வு எடுப்பதைச் சோம்பல் என்கிறாய். 2018-19-இல் கவாய் லெனர்ட் இங்கே எங்கள் பாஸ்கெட்பால் அணியான ராப்டர்ஸுக்காக 60 ஆட்டம் மட்டும் ஆடினார், மீதி 22-இல் உட்கார்ந்தார். அந்த வருடம் இந்த ஊருக்குக் கோப்பையும் வந்தது. விடாமல் ஆடுவதுதான் உனக்கு அளவுகோல் என்றால், ஏ.சி. கிரீன் தொடர்ச்சியாக 1,192 என்.பி.ஏ. ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். ஹாக்கியில் ஃபில் கெஸல் தொட்டது 1,064.

இனி காசு. எங்கள் ஊரில் இதற்கு ஓர் அருமையான நிரூபணம் இருக்கிறது. ஹாக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸும் ராப்டர்ஸும் ஒரே அரங்கில் ஆடுகிறார்கள், நிறுவனமும் ஒன்றே. ஹாக்கி முடிந்ததும் பணியாளர்கள் ஐஸின் மேல் காப்புப் பலகைகளை அடுக்கி, அதன் மேல் மரத்தளத்தைத் துண்டு துண்டாகப் பூட்டுகிறார்கள். அதே நாற்காலிகள், அதே ஊர் ஜனம். 2025-26-இல் லீஃப்ஸின் ஆஸ்டன் மாத்யூஸுக்கு ஒப்பந்தப்படி வருடச் சராசரி 13.25 மில்லியன் அமெரிக்க டாலர். ராப்டர்ஸின் ஸ்காட்டி பார்ன்ஸுக்கு 38 மில்லியனுக்கு மேல். மாத்யூஸ் தன் ஆட்டத்தில் உலகத்தின் முதல் வரிசைக்காரர். பார்ன்ஸ் நல்ல ஆட்டக்காரர், அந்த உயரத்தில் இன்னும் இல்லை. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பேராசையா?

கணக்கு வேறு. 2025-26 சீசனில் என்.பி.ஏ. அணிக்குச் சம்பள வரம்பு 154.6 மில்லியன், அதையும் சில விதிவிலக்குகளால் தாண்டலாம். பிரிப்பது 15 பேருக்குத்தான். ஹாக்கி லீக்கான என்.எச்.எல். அணிக்கு 95.5 மில்லியன், தாண்ட முடியாத வரம்பு; 23 பேருக்குப் பிரிக்க வேண்டும். பாஸ்கெட்பாலில் ஸ்டீஃபன் கரி ஒருவர் அந்த சீசனில் வாங்கும் 59.6 மில்லியன், ஒரு ஹாக்கி அணியின் மொத்த வரம்பில் பாதியைத் தாண்டுகிறது. பின்னணியில் தொலைக்காட்சிப் பணம்: என்.பி.ஏ.வின் புதிய ஒப்பந்தம் 11 வருடத்துக்கு 76 பில்லியன் டாலர் அளவு. ஐந்து பேர் ஆடும் தளத்தில் ஒருவரால் ஆட்டத்தையே புரட்டிப் போட முடியும். ஹாக்கியில் மிகச் சிறந்தவரும் பாதி நேரத்துக்கு மேல் பெஞ்சில்தான் இருப்பார். சந்தை இதைத்தான் விலை போடுகிறது, குணத்தை இல்லை.

ஹாக்கிக்காரர்களுக்குக் காசு பெரிதில்லை என்றால் 2004-05 சீசன் முழுவதும் எதற்கு ரத்தானது? சம்பள வரம்பு வேண்டும் என்றார்கள் முதலாளிகள், முடியாது என்றார்கள் வீரர்கள். கடைசியில் இருந்த ஒப்பந்தங்களில் 24 சதவீதம் வெட்டு விழுந்தது. வீரர்கள் போராடியது நியாயம் என்றே நினைக்கிறேன். உடம்பை விற்றுப் பிழைக்கும் வேலை இது. பத்து வருடம் தாக்குப்பிடிப்பதே பெரிது. பாஸ்கெட்பால் நட்சத்திரம் யானிஸ் அதெடோகூம்போ சிறுவயதில் ஏதென்ஸ் தெருக்களில் கடிகாரமும் கண்ணாடியும் விற்றவர். அவர் கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அதை ஆசை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஹாக்கிக்கு ஸ்கேட், கவசம், ஐஸ் வாடகை என்று பெற்றோர் முதலிலேயே நிறையக் கொட்ட வேண்டும். அந்த வீடுகளின் நிலைமை பெரும்பாலும் வேறு.

விட்டுக்கொடுக்கிறவர்களும் இரண்டு பக்கமும் உண்டு. 2025 செப்டம்பர் கடைசியில் ஹாக்கியின் கிரில் கப்ரிஸோவ் வருடத்துக்கு 17 மில்லியனுக்கு எட்டு வருடம் ஒப்பந்தம் போட்டார். அடுத்த வாரமே கானர் மெக்டேவிட் தன் பழைய 12.5 மில்லியனிலேயே இரண்டு வருடம் நீட்டித்துக்கொண்டார், தன் அணியான எட்மன்டன் மற்ற நல்ல வீரர்களையும் வைத்துக்கொள்ளட்டும் என்று. நியூயார்க் பாஸ்கெட்பால் அணியின் ஜேலன் பிரன்சன் 2024-இல் ஒரு வருடம் பொறுத்திருந்தால் 269 மில்லியன் வரை கிடைத்திருக்கும், 156.5 மில்லியனுக்கே ஒப்புக்கொண்டார். மெக்டேவிட்டைப் பாராட்டுகிறவன் பிரன்சனையும் பாராட்ட வேண்டாமா?

என்னை உறுத்துவது இன்னொன்று. என்.பி.ஏ. அணிகள் யாருக்கு எங்கே அடி என்று வெளியிட வேண்டும். என்.எச்.எல்.லில் 'மேலுடல் காயம்', 'கீழுடல் காயம்' என்பதோடு சரி. எந்த இடம் என்று தெரிந்தால் எதிராளி அங்கேயே குறிவைப்பான் என்ற பயம். அந்த மௌனத்துக்குள் தலையில் பட்ட அடியும் மறைந்துகொள்ளும். டெரக் பூகார்ட் ஹாக்கி அணியில் எதிராளியோடு கைகலப்பதையே வேலையாகக் கொண்ட சண்டைக்காரராக ஆடி, வலி மாத்திரைக்கு அடிமையாகி, 2011-இல் 28 வயதில் இறந்தார். மூளையைப் பரிசோதித்தபோது சி.டி.இ., அதாவது தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளை நோய், இருந்தது. அணியின் கடைசி வரிசையான நான்காம் வரிசை ஆட்டக்காரன் வலியைச் சொன்னால் அவன் இடத்துக்கு ஒருவன் தயாராக நிற்கிறான். அப்படிப்பட்டவன் உடைந்த எலும்போடு இறங்குவதில் வீரம் எவ்வளவு, வேலை போய்விடும் என்ற பயம் எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கிறேன். நீயும் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவு எழுதினேன்.

ஹாலிபர்ட்டன் திரும்பி வந்ததும் முதல் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. பெர்ஜெரான் பற்றி உன் மருமகன் என்ன சொன்னான் என்று பாதியில் நிறுத்தியிருந்தாய், அதையும் எழுது. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். உன் காலுக்கு மகள் சொல்லும் பயிற்சிகளைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாவது பயிற்சி வலித்தால் நிறுத்திவிட வேண்டுமாம்.

அன்புடன்,
பாலன்