உப்பளத்தில் விளையும் உணவுக்கு வெளிநாட்டு டப்பா எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் வண்ணமீன் வளர்ப்பு என்றாலே கொளத்தூரும், அங்குள்ள கடைகளில் பிளாஸ்டிக் பைகளில் தொங்கும் மோலியும் கப்பியும் தங்கமீனும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதே நகரில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களும் சிலர் இருக்கிறோம். எங்கள் குறை சிறியது. ஆயினும் கரைவலை இழுப்பவர், உப்பளத் தொழிலாளர், இறால் குஞ்சு பொரிப்பகம் நடத்துபவர் ஆகிய பலரோடும் அது தொடர்புடையது என்பதால் தங்கள் நாளிதழின் வழியாக முன்வைக்கிறேன். கடல் உயிர்களுக்குத் தேவையான உயிருணவு, அதாவது உயிரோடு இடும் இரை, சிறு நண்டு முதல் உப்பளத்தில் வளரும் ஆர்ட்டீமியா என்னும் சிற்றுயிர் வரை நம் கரையிலேயே கிடைக்கிறது. அதை உயிர் குன்றாமல், சிறிய அளவில், கட்டுப்படியாகும் விலையில் விற்கத்தான் ஆளில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கோவளம் பக்கத்தில் எனக்குப் பழக்கமான மீனவர் ஒருவர், வலையில் உயிரோடு சிக்கிய கைப்பிடி அளவுள்ள பேய்க்கணவாய் ஒன்றை எனக்குத் தந்தார். ஆக்டோபஸ் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த அதே உயிரினம்தான். வீட்டில் வளர்க்க ஏற்றதா என்று யாரேனும் கேட்டால் வேண்டாம் என்றே சொல்வேன். மூடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் போதும், இரவில் வெளியேறிக் காலையில் தரையில் காய்ந்து கிடக்கும். மீன்களின் நோய்க்கு ஊற்றும் செம்பு கலந்த மருந்து துளி பட்டாலும் தாங்காது. இத்தனை பாடுபட்டாலும் பெரும்பாலான இனங்களின் ஆயுள் ஓரிரு ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். ஆனால் வீட்டுக்கு வந்துவிட்ட உயிரைப் பட்டினி போட முடியாது அல்லவா? என்னிடம் அது ஒன்பது மாதம் இருந்தது. அந்த ஒன்பது மாதமும் எனக்கு இருந்த ஒரே கவலை நண்டு.

பேய்க்கணவாய்க்கு நண்டுதான் முதன்மை உணவு. புதிதாகப் பிடிபட்டது அசையாத இரையைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. ஐஸில் வைத்த இறாலை நான் முதல் பத்து நாள் போட்டுப் பார்த்தேன். அது மூலையில் கிடந்து நீரைக் கெடுத்ததுதான் மிச்சம். உயிருள்ள சிறு நண்டு ஒன்றை விட்ட மறுநொடியே கல்லிடுக்கிலிருந்து பாய்ந்து, கைகளுக்கு நடுவிலுள்ள தோலைக் குடைபோல விரித்து மூடிக்கொண்டது. மறுநாள் காலையில் வெறும் ஓடு மட்டும் வாசலில் கிடந்தது. இரண்டு மாதம் பழகிய பிறகே, குச்சி நுனியில் குத்தி ஆட்டிக் காட்டிய இறால் துண்டை வாங்கத் தொடங்கியது. எல்லாக் கடல் உயிர்களுக்கும் எந்நாளும் உயிருணவே வேண்டும் என்று எங்களில் சிலர் பிடிவாதமாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஆனால் இப்படிப் பழக்கும் வரையிலான காலத்துக்கும், பிறந்த குஞ்சுகளுக்கும் வேறு வழியே கிடையாது.

அந்தச் சிறு நண்டு எந்த மீன் கடையிலும் கிடைக்காது. கடைக்கு வருவது குழம்புக்கான நண்டு. அதுவும் ஐஸில் செத்தது. விடியற்காலையில் கரைவலை இழுத்து முடித்த இடத்துக்குப் போனால், விலைபோகாது என்று மணலில் உதறிவிட்ட கட்டைவிரல் அளவு நண்டுகள் ஏராளமாக ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றுக்கு யாரும் காசு கேட்டதில்லை. நீரில் போட்டு நெருக்கினால் மூச்சு முட்டிச் சாகும் என்பதால், கடல்நீரில் நனைத்த சாக்கில் சுற்றி நிழலில் வைத்துக் கொண்டுவருவேன். செவுள் ஈரமாக இருக்கும் வரை அவை சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். இலவச நண்டுக்காக வாரம் இரு முறை பெரம்பூரிலிருந்து கோவளம் போய்வந்த பெட்ரோல் செலவைக் கணக்கிட்டால், குடும்பமே நண்டுக் குழம்பு சாப்பிட்டிருக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். மறுக்க முடியவில்லை.

அருகிலேயே எண்ணூர் இருக்கிறதே என்பார்கள். கழிமுகத்து நண்டை நான் தொடுவதில்லை. அடையாற்று முகத்துவாரத்தின் சாக்கடையையும், 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெயையும் கண்டவர்கள் அங்குள்ள நண்டைத் தொட்டியில் விடத் துணிய மாட்டார்கள். சுத்தமான கரையில் பிடித்த நண்டையும் தனித் தொட்டியில் சில நாள் வைத்திருந்து, நோய்வாய்ப்பட்டதைக் கழித்த பின்பே இரையாக்க வேண்டும்.

அலைச்சலுக்கு அஞ்சிக் கொளத்தூரில் மலிவாகக் கிடைக்கும் தங்கமீன் குஞ்சுகளை வாங்கிவந்து கடல்நீரில் விடுபவர்களும் உண்டு. நானும் செய்திருக்கிறேன், அது தவறு. நன்னீர் மீன் உப்புநீரில் விரைவில் மயங்கிச் செத்து அழுகும். தங்கமீனின் உடலிலோ வைட்டமின் பி1 சத்தைச் சிதைக்கும் நொதி உண்டு. அதையே தொடர்ந்து தின்னும் உயிர் நாளடைவில் அந்தச் சத்துக் குறைந்து நலியும். கொளத்தூரிலிருந்து வாங்கலாம் என்று நான் துணிந்து சொல்வது மோலி ஒன்றைத்தான். நீரில் உப்பைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பழக்கினால் மோலி முழுக் கடல்நீரிலும் வாழும், குட்டியும் போடும். இன்று என் மாடியில் பழைய நீலநிறப் பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் கடல்நீர் மோலிகள் பெருகுகின்றன; பெரிய மீன்களின் இரைக்கவலை அதோடு பாதி தீர்ந்தது.

தீராத பாதி, கண்ணுக்குத் தெரியாத அளவிலான உணவு. கோமாளி மீன்கள் தொட்டியிலேயே முட்டையிடும். ஆனால் பொரிந்து வரும் குஞ்சின் வாய்க்குள் நுழையும் இரை முதல் சில நாள்களுக்கு ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர்தான். அதன் பிறகே அப்போதுதான் பொரிந்த ஆர்ட்டீமியாவைத் தின்னும் அளவுக்கு அது வளர்கிறது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் 2010-இல் கடல்விரால் குஞ்சு பொரித்ததும் இதே இரண்டு உணவை வைத்துத்தான். அங்கே ஆய்வுக்கூடமும் பாசி வளர்ப்பும் இருக்கின்றன. வீட்டில் வளர்ப்பவரிடம் ஒரு வாளியும் ஏர் பம்பும்தான் உண்டு. ரோட்டிஃபர் வாளி ஒரே இரவில் மொத்தமாகச் செத்துப்போவது எங்களுக்கெல்லாம் பழகிப்போன துயரம். அப்போது மறுபடி தொடங்க ஒரு குவளை வித்துநீர் வாங்க இடமில்லை.

ஆர்ட்டீமியாவின் கதைதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. கடல்நீரைக் காட்டிலும் பன்மடங்கு உப்பேறிய நீரில், அதைத் தின்னும் மீன் எதுவும் வாழ முடியாத இடத்தில் செழிக்கும் சிற்றிறால் போன்ற உயிர் இது. இதன் உலர்ந்த முட்டை ஆண்டுக்கணக்கில் உறங்கும். உப்புநீரில் போட்டுக் காற்று ஊதினால் நம்மூர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். நல்ல முட்டையானால் ஒரு கிராமில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கிடைக்கும். உலகச் சந்தையில் விற்கும் முட்டையில் கணிசமான பங்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரும் உப்பு ஏரியில் அள்ளப்படுவது. நம் இறால் பொரிப்பகங்களும் இறக்குமதி டப்பாக்களையே பெரிதும் நம்பியிருக்கின்றன. அரைக் கிலோவுக்கும் குறைவான ஒரு டப்பாவின் விலை சில ஆயிரம் ரூபாய். பொரிப்பகத்துக்கு அது ஒரு வேளைச் செலவு. எங்களுக்கோ ஒரு வருடத்துக்கும் முடியாத அளவு. திறந்த டப்பா சென்னையின் ஈரக்காற்றில் வீரியம் இழந்துவிடும். ஆகவே பிரித்துக் கட்டிய பொட்டலத்தை வாங்குகிறோம். அதில் பாதி பொரியாத வெறும் ஓடாக இருப்பதும் உண்டு.

இந்த உயிர் தூத்துக்குடி உப்பளங்களில் இயற்கையாகவே இருப்பது நீண்ட காலமாகப் பதிவாகியுள்ள செய்தி. ஆணின் துணையின்றிப் பெண்களே பெருகும் இனம் அது. பாத்திகளுக்குப் போகுமுன் நீர் செறிவேறும் குளங்களில் அது பாசியைத் தின்று நீரைத் தெளிய வைப்பதால் உப்பின் தரமும் உயர்கிறது. உப்பளக்காரருக்கு அதனால் இழப்பு ஏதுமில்லை. வியட்நாமின் மீகாங் கழிமுகப் பகுதியிலுள்ள வின் சாவ் கரையோரத்தில், 1980களில் அமெரிக்க இன ஆர்ட்டீமியாவைக் கொண்டுவந்து, கோடைக்காலத்தில் உப்போடு சேர்த்து அதையும் ஒரு விளைச்சலாகவே உப்பளக் குடும்பங்கள் எடுத்து வருகின்றன. தம் மண்ணில் இல்லாததைக் கொண்டுவந்து அவர்கள் பிழைக்கிறார்கள். இருப்பதை வைத்துக்கொண்டு நாம் டப்பா வாங்குகிறோம். அதைவிடக் கொடுமை, மீன் வளர்ப்புக்காக வந்த அமெரிக்க இனம் இந்திய உப்பளங்களுக்குள் புகுந்து, நம் இனத்தை இடம்பெயர்த்து வருவதை ஆய்வாளர்கள் 2012-இலேயே பதிவு செய்துவிட்டனர். பொரித்து மிஞ்சியதைக் கழிவுநீரோடு கடலோரத்தில் கொட்டும் வழக்கத்தைப் பொரிப்பகங்களும் எங்களைப் போன்றவர்களும் உடனே கைவிட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் உப்பு கரைந்து வேலை நிற்கும் மாதங்களில் ஆர்ட்டீமியாவும் கிடைக்காது என்பது உண்மையே. ஆனால் வெயில் காலத்தில் வலையால் அரித்தெடுத்து உறைய வைத்ததையும், உலர்த்திக் காற்றுப் புகாமல் அடைத்த முட்டையையும் மழைக்காலத்தில் விற்கலாமே? பெரிய முதலீடு கேட்கும் தொழில் அன்று இது. உப்பளத்தில் தினக்கூலிக்குக் கால் வெந்து நிற்கும் பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்கு இந்தப் பயிற்சியைத் தந்தால், பெரிய வாங்குநராகப் பொரிப்பகங்கள் மரக்காணம் வரை கரையெங்கும் இருக்கின்றன. சில்லறைக்கு நாங்கள் இருக்கிறோம்.

எனவே மீன்வளத் துறையையும் மீன்வளப் பல்கலைக்கழகத்தையும் நான் கேட்பது இவ்வளவுதான்: தூத்துக்குடியில் உள்ளூர் இனத்தை மட்டும் வைத்து ஒரு முன்மாதிரி அறுவடையைத் தொடங்கி, அதன் முட்டையைப் பத்து கிராம், இருபது கிராம் பொட்டலங்களாக, பொரிக்கும் விகிதத்தை மேலே அச்சிட்டு விற்க வேண்டும். மாதவரத்தில் பல்கலைக்கழகம் நடத்தும் வண்ணமீன் வளாகத்தில் ரோட்டிஃபரும் அதற்கான பாசியும் வாரம் ஒரு நாளாவது வித்தாகக் கிடைக்க வேண்டும். கரைவலைக்காரர்கள் உதறிவிடும் சிறு நண்டை ஈரச் சாக்கில் கொளத்தூர் வரை கொண்டுவந்து சேர்க்க ஓர் இளைஞர் முன்வந்தால், அதற்கு அரசு ஆணை கூடத் தேவையில்லை. ஒரு நண்டுக்கு ஐந்து ரூபாய் கொடுக்க எங்களில் பலர் தயாராக இருக்கிறோம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகளிலிருந்து எடுத்ததையும், 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ள கடற்குதிரை போன்றவற்றையும் உயிருணவு வண்டியோடு சேர்த்து யாரும் கடத்திவிடாதபடி, எவற்றை விற்கலாம், எவற்றை விற்கக் கூடாது என்ற பட்டியலைத் தமிழில் அச்சிட்டுக் கடைகளில் ஒட்டும் பொறுப்பையும் துறையே ஏற்க வேண்டும்.

இப்படிக்கு,
கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வாசகர்,
பெரம்பூர், சென்னை.